குற்றாலத்திலிருந்து ஆனைமலை வரை: கோகோவும் அதன் பூச்சிகளும்

1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்போய்னா தீவிலிருந்து கொண்டுவந்த கோகோவைக் குற்றாலத்தில் நட்டது. இந்தியாவில் கோகோவின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிட்டிஷ் படை டச்சுக்காரர்களிடமிருந்து அம்போய்னாவைப் பிடித்திருந்தது. கம்பெனியின் கண் கிராம்பின் மீதும் ஜாதிக்காயின் மீதும் இருந்தது. அந்தக் காலத்தில்தான் கோகோவும் தமிழ் மண்ணுக்கு வந்து சேர்ந்தது.

குற்றாலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நிலம் வேண்டுமென்றால் மதராஸைச் சுற்றியே கம்பெனிக்கு இருந்தது. 1763இல் ஆற்காட்டு நவாப் கொடுத்த செங்கல்பட்டு ஜாகிர் அது. குற்றாலத்தில் கோகோ நடப்பட்ட அதே காலத்தில் ஜாகிரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்திருந்தார். ஏரி நிறைந்தால் நெல், வற்றினால் தரிசு என்ற பூமி. அக்னி நட்சத்திர வெயிலில் நாற்பது பாகையைத் தாண்டும் அந்தச் சமவெளியில் கோகோ பிழைப்பது கடினம். அமேசான் காட்டில் உயர்ந்த மரங்களின் அடியில், ஈரக் காற்றிலும் வடிகட்டிய வெளிச்சத்திலும் வளர்ந்து பழகிய மரம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாரல் விழும் குற்றாலம் அதற்கு ஓரளவாவது பிறந்த வீட்டை நினைவூட்டியிருக்கும்.

நிழலில் வளரும் மரம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் கோகோவின் பூச்சிகளைப் பற்றிப் பேச முடியும். மற்றப் பயிர்களில் பூச்சி வந்தால் எந்த மருந்து என்று கேட்பார்கள். கோகோவின் இருநூறு ஆண்டு அனுபவமோ வேறு கேள்விகளை முன்வைக்கிறது. மேலே எத்தனை மரம் நிற்கிறது, கவாத்து எப்போது நடந்தது, பழுத்த காய் எத்தனை நாள் மரத்திலேயே தொங்கியது, வேலியில் என்ன மரம் இருக்கிறது என்று அது கேட்கிறது. இலங்கையும் ஜாவாவும் மலேசியாவும் இந்தக் கேள்விகளுக்கு மிகுந்த விலை கொடுத்துப் பதில் கண்டன. அந்தத் தோட்டங்கள் பலவற்றில் காய் பறித்த கைகள் தமிழர்களுடையவை.

இலங்கையில் 1869இல் காப்பி இலைத்துரு நோய் தலைகாட்டியது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழியத் தொடங்க, துரைமார்கள் மாற்றுப் பயிர் தேடினார்கள். மலையுச்சிக்குத் தேயிலையும் சிங்கோனாவும் போயின. கண்டியை அடுத்த தும்பறைப் பள்ளத்தாக்கிலும் மாத்தளையிலும், வெப்பமும் ஈரமும் கலந்த தாழ்ந்த நிலங்களில், கோகோ ஏறியது. தும்பறையின் பல்லேகலைத் தோட்டத்தில் டைட்லர் என்ற தோட்டக்காரர் 1870களில் இதை ஊன்றி வளர்த்தார். காப்பிக்காகத் தமிழகத்திலிருந்து நடந்தும் தோணியேறியும் போன கூலித் தொழிலாளர்கள், காப்பி போனதும் இந்தப் புதிய மரத்தின் கீழ் வேலைக்கு வந்தார்கள்.

1880களில் அங்கே தேயிலைக் கொசு தாக்கியது. பெயரில் கொசு என்று இருந்தாலும் அது கொசு இனம் இல்லை. சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. ஒல்லியான உடல், நீண்ட உணர்கொம்புகள், முதுகில் குண்டூசி நட்டதைப் போல ஒரு சிறு முள். கோகோ காயின் மேல் உட்கார்ந்து ஊசி வாயைச் செலுத்தினால், குத்திய இடம் முதலில் நீர் கோத்த வட்டமாகத் தெரியும்; பிறகு கறுத்துக் காய்ந்து தழும்பாகும். விரல் நீளப் பிஞ்சில் இப்படிப் பல குத்துகள் விழுந்தால் பிஞ்சு கருகிவிடும். முட்டையை இளந்தண்டின் அல்லது காயின் தோலுக்குள் புதைத்துவிடும். ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாக இரண்டு மெல்லிய இழைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டத்தில் பழகிய கண்கள் அந்த இழைகளைக் கண்டுபிடித்துவிடும்.

இந்தப் பூச்சிக்கு இளந்தளிரும் இளங்காயும் விடாமல் கிடைக்க வேண்டும், காற்றில் ஈரமும் வேண்டும். கவாத்து செய்யாமல் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய தோட்டம் இரண்டையும் தருகிறது. இலங்கைத் தோட்டக்காரர்கள் இதோடு போராடிக்கொண்டிருக்கும்போதே 1890களில் பட்டையில் புண்ணாகித் தண்டை அழிக்கும் இன்னொரு நோய் பரவியது. அதை ஆராய வந்த கார்ரதர்ஸ் என்ற தாவரவியலாளர் நோயுற்ற பகுதிகளை வெட்டி அகற்றவும் நிழலைக் குறைக்கவும் சொன்னார். பூசணத்துக்கு அது சரியான பதில். ஆனால் நிழலைக் குறைப்பது ஒரே முனையில் வெட்டும் கத்தி இல்லை. வெயில் நேராக விழும் மரம் அதிகம் தளிர்க்கும், வறட்சியில் சீக்கிரம் வாடும். வாடிய மரத்தின் இலைகளில் செம்பட்டை இலைப்பேன் பெருகும் என்பதை மேற்கிந்தியத் தீவுகளில் கோகோ வளர்த்தவர்கள் நன்றாகவே கண்டார்கள். ஆக, அடர்ந்த நிழலில் அழுகலும் கொசுவும், நிழலே இல்லாவிட்டால் இலைப்பேன். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு தோட்டமும் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் இதே பாடம் வேறு வடிவில் வந்தது. அங்கே தேயிலைக் கொசுவின் உறவுப் பூச்சிகள் இரண்டு, மரங்களின் இலைக்கூரை உடைந்து வெயில் இறங்கிய திட்டுகளில்தான் கூட்டமாகச் சேர்ந்தன. 1950களில் கானாவின் டாஃபோ ஆராய்ச்சி நிலையத்தில் நிழல் மரங்களை அகற்றி உரமிட்டுப் பார்த்தார்கள். மகசூல் பல மடங்கு உயர்ந்தது. அந்த மகசூலைக் காக்கப் பூச்சிமருந்தும் தவறாமல் அடிக்க வேண்டியிருந்தது. வெயிலில் வளரும் கோகோவின் கணக்கில் பூச்சிமருந்துச் செலவு அன்றிலிருந்து நிரந்தரமாக ஏறிவிட்டது.

ஜாவாவின் டச்சுத் தோட்டங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே மிக நுட்பமான பகுதி. கறுப்பு எறும்பு குடியிருக்கும் மரங்களில் தேயிலைக் கொசுவின் தழும்புகள் குறைவாக இருப்பதைச் சிலர் கவனித்தார்கள். எறும்பு காயெங்கும் ஓடிக்கொண்டிருந்தால் கொசுவால் நிம்மதியாக உட்கார்ந்து உறிஞ்ச முடிவதில்லை. அப்படியானால் எல்லா மரத்துக்கும் எறும்பைக் குடியேற்றலாமே என்று தொடங்கினார்கள். இலைகளைக் கட்டிக் கூடு செய்து மரத்தில் தொங்கவிட்டார்கள். எறும்பு வந்து குடியேறியதும் அடுத்த மரத்துக்கு மாற்றினார்கள். எறும்பு நிலைத்து நிற்க அதற்குத் தினமும் தித்திப்பான உணவு வேண்டும். அதைத் தருவது மாவுப்பூச்சி. எனவே மாவுப்பூச்சி ஒட்டிய காய்த்தோட்டுத் துண்டுகளையும் கொண்டுபோய் மரங்களில் வைத்தார்கள். ஒரு பூச்சியைத் தடுக்க இன்னொரு பூச்சியைத் தெரிந்தே வளர்த்தார்கள். கறுப்பு எறும்பை விரட்டும் வேறு எறும்பு இனங்கள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதும் தோட்ட வேலைகளில் ஒன்றானது.

அவர்கள் வளர்த்த அந்த மாவுப்பூச்சி இனத்தை இந்தியக் கோகோக் கையேடுகள் அழிக்க வேண்டிய பூச்சியாகப் பட்டியலிடுகின்றன. இரண்டும் உண்மையே. காயின் காம்பில் அளவாக இருந்தால் மரம் தாங்கிக்கொள்கிறது. தளிரிலும் பூவிலும் பிஞ்சிலும் அப்பினால் பூ உதிர்ந்து பிஞ்சு வாடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் மாவுப்பூச்சிகள் தண்டு வீங்கும் வைரஸ் நோயை மரத்துக்கு மரம் கடத்தின. 1940களிலிருந்து கானாவில் அந்த நோய்க்காகக் கோடிக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. எந்தப் பூச்சியை எதிரி என்று சொல்வது என்பது அது எந்தத் தோட்டத்தில், எந்த நோயோடு, எத்தனை எண்ணிக்கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஜாவாவின் எறும்பு முறை, மலாயாவில் யாரும் பெரிதாக முயலாமலே சில இடங்களில் நடந்தது. கீழ்ப் பேராக்கின் பாகான் டத்தோ, தெலுக் இந்தான் வட்டாரத் தென்னந்தோட்டங்கள் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் உழைத்த இடங்கள். அங்கே தென்னையின் அடியில் கோகோ ஊடுபயிராக வந்தது. தென்னையின் கொண்டையும் காய்ந்த மட்டைகளின் இடுக்குகளும் கறுப்பு எறும்புக்கு நல்ல கூடுகள். மேலே தென்னை, கீழே கோகோ, இரண்டுக்கும் நடுவே எறும்பின் போக்குவரத்து. தென்னையும் கோகோவும் சேர்ந்த தோட்டம் பூச்சியைப் பொறுத்தவரை தனிக் கோகோவைவிட நிதானமானது என்பதைப் பின்னாளில் மலேசிய ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டினார்கள். எறும்பு நிறைந்த மரங்களில் தேயிலைக் கொசுவின் சேதம் மட்டுமல்ல, எலி, அணில் கடியும் குறைந்திருந்தது.

மலேசியாவின் சபா மாநிலத்தில் தாவாவ் பகுதியில் நேர்மாறாக நடந்தது. 1950களின் இறுதியில் காட்டைத் திருத்திக் கோகோ நட்டார்கள். பட்டையைச் சுற்றித் துளைக்கும் புழு முதலில் வந்தது. டி.டி.டி., பி.எச்.சி., டீல்ட்ரின் என்று கையில் கிடைத்ததெல்லாம் தெளிக்கப்பட்டன. துளைப்பான் தண்டுக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே இருந்த ஒட்டுண்ணிக் குளவிகளும் ஈக்களும் செத்தன. பிறகு இலை தின்னும் புழுக்கள் பெருகின, கிளைகளில் சாறுறிஞ்சும் தத்துப்பூச்சிகள் பெருகின, கடைசியில் பைப்புழுக்கள் மரங்களை மொட்டையடித்தன. அங்கே வேலைக்கு வந்த இளம் பூச்சியியலாளர் கார்டன் கான்வே, தெளிப்பதை நிறுத்தச் சொன்னார். 1961இன் இறுதியில் நிறுத்தினார்கள். சில மாதங்களில் ஒட்டுண்ணிகள் திரும்பி வந்து புழுக்களை ஒவ்வொன்றாக அடக்கின. பைப்புழுவுக்கு மட்டும் தேர்ந்து தாக்கும் ஒரு மருந்தைக் கொஞ்சநாள் அடித்தார்கள். முதலில் வந்த பட்டைத் துளைப்பானுக்குத் தீர்வு மருந்துப் பீப்பாயில் இருக்கவில்லை. தோட்டத்துக்குள்ளும் ஓரத்திலும் முளைத்திருந்த ட்ரெமா என்ற காட்டு மரத்தில்தான் அது பெருகிக்கொண்டிருந்தது. அந்த மரங்களை வெட்டி எடுத்ததும் துளைப்பானும் அடங்கியது. பூச்சிமருந்தே பூச்சியைப் பெருக்கும் என்பதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் சான்றுகளில் இது முன்வரிசையில் இருக்கிறது. கான்வே பிற்காலத்தில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் தலைவரானார்.

அதே தாவாவில் 1980இல் காய்த் துளைப்பான் அந்துப்பூச்சி நுழைந்தது. காயின் மேல் முட்டை. புழு தோலைத் துளைத்து உள்ளே போய் விதைகளைச் சுற்றிய சதையைத் தின்னும். விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் தொடாது. 1986இல் அது தீபகற்ப மலேசியாவுக்கும் வந்தது. இதை அடக்க ஜாவாக்காரர்கள் முன்பே கண்டிருந்த வழி கடுமையானது. ஒரு பருவத்தில் மரத்தில் காயே இல்லாதபடி பெரிதும் சிறிதுமாக எல்லாவற்றையும் பறித்துவிடுவது. தங்க இடமின்றிப் புழுவின் தலைமுறை அறுந்துபோகும். மற்ற நாட்களில் வாரம் ஒருமுறை பழுத்த காயைப் பறித்து, ஓட்டைப் புதைக்க வேண்டும். கூலி ஏறிக்கொண்டே போன மலேசியாவில் வாரா வாரம் பறிக்க ஆள் எங்கே? விலையும் விழ, 1990இல் சுமார் 2,47,000 டன் விளைவித்த நாடு சில ஆண்டுகளிலேயே கோகோ நிலங்களை எண்ணெய்ப் பனைக்கு மாற்றத் தொடங்கியது.

இந்தியாவில் குற்றாலத்துக்குப் பிறகு கோகோ நெடுங்காலம் ஒதுங்கியே இருந்தது. நீலகிரிச் சரிவில் பர்லியாறு, கல்லாறு அரசுத் தோட்டங்களில் சில மரங்கள் நின்றன. 1965இல் கேட்பரி நிறுவனம் வயநாட்டின் சுண்டேலில் மாதிரித் தோட்டம் அமைத்தது. 1970களில் கேரளத்தில் வீட்டுக்கு வீடு தென்னையின் அடியிலும் பாக்கின் அடியிலும் கோகோ நட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் விலை சரிந்தது. சிலர் மரத்தை வெட்டினார்கள், பலர் கவனிப்பதை விட்டார்கள். போத்து எடுக்காத, காய் பறிக்காத கோகோ மரம் எலிக்கும் அணிலுக்கும் மாவுப்பூச்சிக்கும் திறந்த பண்டகசாலை. காய்ந்து கறுத்துத் தொங்கும் காய்களிலிருந்து மழைக்காலத்தில் அழுகல் நோய் பக்கத்துக் காய்களுக்கு இறங்கும். 1986இல் காம்ப்கோ கூட்டுறவு புத்தூரில் சாக்லேட் ஆலையைத் தொடங்கிய பிறகுதான் மீதமிருந்த மரங்களுக்குக் கொஞ்சம் கவனிப்பு திரும்பியது. விலைக்கும் பூச்சிக்கும் இப்படி ஒரு நேரடித் தொடர்பு உண்டு. அதைப் பூச்சியியல் புத்தகங்கள் போதிய அளவு பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் கோகோ உண்மையில் காலூன்றியது இந்த நூற்றாண்டில், பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில். இருபத்தைந்து அடி இடைவெளியில் நட்ட தென்னை வரிசைகளுக்கு நடுவே ஒரு வரிசை கோகோ. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சொட்டுநீர், தென்னையின் சல்லடை நிழல். தோட்டக்கலைத் துறையும் கேட்பரியும் கன்று கொடுத்தன. ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. கீழ்ப் பேராக்கின் அமைப்பேதான் இது.

இந்தத் தோப்புகளில் கவாத்துதான் முதல் பூச்சி மேலாண்மை. கோகோவைக் குடை வடிவில், எட்டிப் பறிக்கும் உயரத்தில் நிறுத்தி, அடியிலிருந்து எழும் போத்துகளை ஒடித்துக்கொண்டே இருந்தால் காற்றும் கொஞ்சம் வெயிலும் உள்ளே போகும். மாவுப்பூச்சி எங்கே அப்பியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். தென்னை மட்டை கோகோ மேல் விழுந்து கிடந்தால் எடுத்துப்போடுவது, அணில் கடித்த காயை உடனே அகற்றுவது, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது பறிப்பது எல்லாம் அதைச் சேர்ந்தவை.

ஆனால் தோப்பை அளவுக்கு மீறிச் சுத்தமாக வைப்பதிலும் ஆபத்து உண்டு. கோகோப் பூ தண்டிலேயே பூக்கும். சிறியதாகத்தான் இருக்கும். அதில் மகரந்தம் சேர்ப்பது தேனீயும் இல்லை, வண்ணத்துப்பூச்சியும் இல்லை. கண்ணுக்கு எளிதில் படாத ஒரு சிறு ஈ. அழுகும் இலைச்சருகிலும் மக்கும் காய் ஓட்டிலும் வெட்டிப்போட்ட வாழைத்தண்டிலும்தான் அதன் புழுக்கள் வளர்கின்றன. சருகைக் கூட்டி எரித்த தோப்பில், மாவுப்பூச்சிக்கென்று கடும் மருந்து தெளித்த தோப்பில், பூ நிறையப் பூத்தும் காய் பிடிக்காது. ஓட்டைப் புதைக்க வேண்டும் என்று நோயியல் சொல்கிறது. மக்கவிட வேண்டும் என்று மகரந்தச் சேர்க்கை கேட்கிறது. நோயுற்ற காயை மட்டும் தோப்புக்கு வெளியே கொண்டுபோய், நல்ல ஓட்டையும் சருகையும் மர நிழலில் விடுவதே வழி.

வேலி மரத்திலும் கவனம் வேண்டும். பூச்சிவிரட்டி என்று நாம் நம்பும் வேம்பு, தேயிலைக் கொசுவுக்குப் பிடித்த மரங்களில் ஒன்று. முந்திரி, கொய்யா மரங்களிலும் அது தங்கும். வேப்பங்கொழுந்து கருகியிருந்தால் பக்கத்துக் கோகோக் காய்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வேப்ப எண்ணெய்க்கு மாவுப்பூச்சியை மட்டுப்படுத்தும் வேலை இருக்கிறது. வேப்ப மரத்துக்கோ கொசுவைப் போஷிக்கும் குணமும் இருக்கிறது.

கொங்கு வட்டாரம் மருந்து இல்லாமல் பூச்சியை அடக்கிய பெரிய நிகழ்வு ஒன்றையும் கண்டிருக்கிறது. 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரியையும் மரவள்ளியையும் பப்பாளியையும் வெள்ளையாக மூடியது. என்ன தெளித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வயல்களில் விடப்பட்டன. சில மாதங்களில் பூச்சி அடங்கியது.

2016இல் பொள்ளாச்சித் தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வந்தபோது கோகோ நேரடியாக மாட்டிக்கொண்டது. ஈ தென்னை ஓலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது; அதன் தேன் போன்ற கழிவு கீழே உள்ள கோகோ இலைகளில் சொட்டுகிறது; அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. கரி பூசியது போன்ற இலைக்கு வெளிச்சம் எட்டாது. கடும் மருந்தைத் தென்னை உச்சிக்குப் பீய்ச்ச வேண்டாம் என்று பல்கலைக்கழகம் தொடர்ந்து சொல்லிவந்தது. என்கார்சியா என்ற மிகச்சிறிய குளவி வெள்ளை ஈயின் குஞ்சுகளில் தானாகவே வளரத் தொடங்கியிருந்தது. மருந்து அதைத்தான் முதலில் கொல்லும். மஞ்சள் ஒட்டும் பொறி, விசையாகத் தண்ணீர் அடித்தல், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசை ஆகியவையே பரிந்துரை. பசை காய்ந்து உரியும்போது கறுப்பும் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

இப்போது ஆனைமலைப் பகுதியில் தென்னைக்கு வேர் வாடல் நோய் வந்திருக்கிறது. தேறாத மரங்களை வெட்டுவதைத் தவிர வழியில்லை என்ற நிலையில் பல தோப்புகளில் மேற்கூரை கிழிந்து வருகிறது. 2024இல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது, பத்தாண்டுகளாகக் கவனிக்காத மரங்களையும் கவாத்து செய்யும் வேகம் விவசாயிகளுக்கு வந்தது. அதே காலத்தில்தான் கோகோவின் தலைக்கு மேலே தென்னை குறைந்துவந்தது. வெயில் நேராக இறங்கும் அந்தத் திட்டுகளில் இலைப்பேனையும் புதுத்தளிரையும் வாராவாரம் பார்த்துவர வேண்டும். வெட்டிய தென்னையின் இடத்தில் கிளைரிசிடியாவோ ஜாதிக்காயோ புதுத் தென்னங்கன்றோ அந்தப் பருவத்திலேயே நட வேண்டும். கன்று நிழல் தரும் உயரம் எட்டும்வரை நடுவே வாழை போடலாம். அது நிழலும் தரும். குலை வெட்டிய பின் அதன் தண்டு மகரந்தம் சேர்க்கும் அந்தச் சிறு ஈக்கும் ஆகும்.